ஆறு முதுகுகளும் ஒரு தோளும்

கோத்தகிரிக்கு மேலே, உள்ளே வரலாமா என்று கேட்காமலேயே மேகம் ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும் உயரத்தில், மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. இலை உலர்த்திய மாடியில் இப்போது குரங்குகள் வசித்தன. குரங்கு என்றதும் கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இவை கைக்குள் அடங்கும். அணிலுக்கு யாரோ கவலைப்படத் தெரிந்த முகம் ஒன்றை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். காதோரம் வெள்ளைக் குஞ்சம் இருப்பதால் வெண்காது என்று பெயர். இவற்றின் காடு கடல் தாண்டி எங்கோ இருந்து, எரிந்து, முடிந்துவிட்டது. உலகத்தில் மிச்சம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் அந்த மாடியில், பழைய தேயிலை வாசனைக்கு நடுவே, தூக்கத்தில் யாரோ விசிலடிப்பது போல மெல்லக் கூவிக்கொண்டிருந்தன.

மாசிலாமணி அங்கே மரபுச் சான்று அதிகாரி. குட்டி பிறந்த மூன்றாம் நாள் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, இது தூய வெண்காதா, அல்லது துணைக்கென்று பக்கத்துக் கூண்டில் வைத்திருக்கும் வேறு இனமான கருங்காதோடு கலந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'என் பேரைப் பாத்துத்தான் வேலையே குடுத்தாங்க' என்பது அவருடைய சொந்த ஜோக். பதினோரு வருடமாக அதையே சொல்லிவந்ததில் சிரிக்கிறவர்கள் குறைந்து, கடைசியில் அவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் காபி வந்தது, பஜ்ஜி வந்தது, அப்புறம் பெண்ணின் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "எங்கேருந்தோ ஒரு வாடை வருதே" என்றாள்.

அவர் கையெழுத்தை நம்பித்தான் முதுகு இருந்தது.

முதுகு என்பது ஒரு கருவி. வெந்நீர்ப் பை அளவில், மேலே ரோமம் போர்த்தி, உள்ளே வெதுவெதுப்பும் ஓர் இதயத் துடிப்பும் வைத்து, கிளையில் ஊர்ந்து போகக் கால்களும் பொருத்தியிருந்தார்கள். வெண்காதுக் குட்டிக்குப் பிறந்ததிலிருந்து நாற்பது நாள் யாராவது ஒருவர் முதுகில் இடம் வேண்டும். தாய் பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் குட்டியை மரக்கட்டையில் தேய்த்து உதறிவிடுவாள். சுமப்பது அப்பன், அண்ணன், அக்காவின் வேலை. கூண்டில் அந்த வேலை சரியாக நடக்கவில்லை என்று முதுகைக் கண்டுபிடித்தார்கள். குட்டிகள் பிழைத்தன. பிழைத்தவை வளர்ந்து அப்பன்களாயின. அந்த அப்பன்களுக்குப் பிள்ளை சுமப்பது என்றால் என்னவென்றே தெரியவில்லை. அவர்களைச் சுமந்தது ரோமம் போர்த்திய ஹீட்டர். குட்டி கத்தினால் அப்பன் திரும்பி முதுகைப் பார்ப்பான், 'உன்னைத்தான் கூப்பிடுது, போ' என்கிற மாதிரி. மூன்றே தலைமுறையில் ஓர் இனம் முழுக்கப் பிள்ளை சுமப்பதை மறந்திருந்தது.

மொத்தம் ஆறு முதுகுகள். அவை வெளிநாட்டுக் கூட்டமைப்பு ஒன்றின் சொத்து. தூய குட்டிக்கு மட்டுமே முதுகு என்பது அவர்கள் விதி; சான்றுக்காக முதல் நாலு நாள் மட்டும் எல்லாக் குட்டிக்கும் இரவல். எந்தக் குட்டி ஏறியிருக்கிறது என்பதை முதுகே அவர்களுக்குத் தெரிவித்துவிடும், ஏமாற்ற முடியாது. கலப்புக் குட்டி என்றால் படிவத்தில் 'இயற்கைக்கு விடப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த மாடியில் இயற்கை என்பது சிமெண்ட் தரை. மாசிலாமணி அந்தக் கட்டத்தில் இருபத்தாறு முறை கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அன்று சாயங்காலம் சாப்பிடாமல் படுத்துவிடுவார். வயிறு சரியில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

மார்கழி முடிகிற வாரத்தில் விசாலம் இரட்டைக் குட்டி போட்டது. விசாலம் என்பது மங்களேஸ்வரி வைத்த பெயர். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மங்களேஸ்வரி, ஒவ்வொரு குரங்குக்கும் புகுந்த வீட்டு ஆள் ஒருவர் பெயரையோ உறவையோ வைத்திருந்தாள். விசாலம் அவள் நாத்தனார். "அதே முழி சார். குடுத்தா வாங்கிக்கும், கேட்டா தராது" என்பாள்.

இரண்டாம் நாள் ஒரு குட்டி செத்துப்போனது. மூன்றாம் நாள் மற்றதன் ரத்தத்தைப் பார்த்த மாசிலாமணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கெட்ட செய்தியின் அடையாளம் என்று மங்களேஸ்வரிக்குத் தெரியும்.

"கலப்பும்மா."

"இதுவா? காதைப் பாருங்க, பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு."

"மூணு நாள் குட்டியோட காதை வெச்சு என்னத்தச் சொல்றது?"

"நீங்க ரத்தத்தப் பாத்தீங்க. நான் குட்டியப் பாத்தேன். யாராவது ஒருத்தருக்குக் கண்ணு சரியில்ல. எனக்குப் போன மாசந்தான் கேம்ப்ல பாத்து நல்லாருக்குன்னாங்க."

அவள் வாயை அடைக்கத்தான் மாசிலாமணி குட்டியிடமிருந்து ஒரு ரோமத்தைப் பிடுங்கிக் கருவிக்குள் வைத்தார். வேர்க்கடலைத் தோல் நிறத்தில் ஒரு ரோமம். முடிவு வர முக்கால் மணி நேரம். அதற்குள் மேகம் வந்து மாடி முழுக்க வெள்ளையாகி, கூண்டுகளெல்லாம் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் மிதந்தன. திரையில் 'தூய வெண்காது' என்று வந்தது. மறுபடி பார்த்தார். மறுபடியும் அதே. மூன்றாம் தடவை தன் தலையிலிருந்தே ஒரு முடியை வைத்துப் பார்த்தார். 'மனிதன்' என்று வந்தது. அந்த விஷயத்தில் அவருக்கே அன்று சந்தேகம் இருந்ததால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சா சார்?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. மெஷினுக்கு முன்னாடி உக்காந்திருக்கறதுதான் கெட்டுப்போச்சு." அவர் ஸ்டூலில் சாய்ந்தார். "இந்த இனத்துல ரெட்டைக் குட்டி ரெண்டுக்கும் வயித்துக்குள்ள நஞ்சுக்கொடி ஒண்ணாச் சேர்ந்துடும்மா. இவன் ரத்தம் அவனுக்குப் போகும், அவன் ரத்தம் இவனுக்கு வரும். பொறந்தப்புறமும் போகாது. சாகறவரைக்கும் ஒருத்தனுக்குள்ள இன்னொருத்தன் ரத்தம் ஓடிட்டே இருக்கும்."

"அப்ப இதுக்குள்ள ஓடறது..."

"நேத்து செத்தவனோடது. அவன் கருங்காதுக்குப் பொறந்திருக்கான். இவன் வெண்காதுக்கு."

"ஒரே பிரசவத்துல ரெண்டு அப்பனா?"

"ஆடிக் காத்துல வலை பிஞ்சு ரெண்டு நாள் தொங்கிட்டிருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

மங்களேஸ்வரி விசாலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அடியே! எங்க வீட்டு விசாலம் ஒருத்தன வெச்சே சமாளிக்க முடியாம அழுவுறா." அப்புறம் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "அப்ப இத்தன வருசமா நீங்க எடுத்த ரத்தமெல்லாம் சார்?"

"பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இவன் ஜாதகத்தக் கேட்டிருக்கேன்."

இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்ததுதான். இதே கேள்விக்கு எட்டு மார்க் வாங்கியிருக்கிறார். ஆனால் கூட்டமைப்பின் படிவம் பெரிய குரங்குகளுக்காக அச்சடித்தது. அதில் 'ரத்தம், ஒரு சொட்டு' என்று இருந்தது. படிவம் கேட்டால் கொடுத்துவிடுவது மாசிலாமணியின் பழக்கம். யோசிப்பதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

மறுநாள் இருவரும் தூங்கும் பெட்டிகளையும் உடம்பு தேய்த்துக்கொள்ளும் சீப்புக் கட்டைகளையும் தட்டி, எல்லாக் குரங்குகளின் ரோமத்தையும் சேகரித்தார்கள். கழுத்துப் பாசிமணியின் நிறத்தை வைத்துத்தான் எது யார் என்று தெரியும். சாயங்காலத்துக்குள் பட்டியல் தயார். நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று கலப்பு. சுத்தம் என்று மிஞ்சிய எட்டில் ஆறு கிழடுகள். இரட்டையரின் ரத்தத்தில் எவன் கை ஓங்கியிருந்ததோ அவன் பெயரே திரையில் வந்திருக்கிறது. தூய ரத்தத்தைக் கூடப் பிறந்தவனுக்குக் கொடுத்துவிட்டுத் தூய குட்டி செத்திருக்கிறது. அந்த ரத்தத்தைக் காட்டிக் கலப்புக் குட்டி முதுகு ஏறிப் பிழைத்திருக்கிறது. தூயவை சாவதிலும் ஆச்சரியமில்லை. அவை எல்லாம் ஒன்றுக்கொன்று அத்தை மகன், மாமன் மகள். அதற்கு மேல் நெருக்கத்தைச் சொன்னால் குரங்குகளுக்கே கூச்சமாக இருக்கும்.

மாசிலாமணி முதலில் சிரித்தார். அப்புறம் அந்த இருபத்தாறு நினைவுக்கு வந்தது. அவற்றில் எத்தனை தூயதோ, எத்தனை கலப்போ. கலப்பாகவே இருந்தால்தான் என்ன என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தோன்றியது. எரித்துப் புதைத்தாயிற்று. ஒரு ரோமம்கூட மிச்சமில்லை.

"இப்ப என்ன சார் பண்ணப் போறீங்க?"

"ரத்தம் தப்பு, ரோமம்தான் சரின்னு எழுதினா இந்தக் குட்டிக்கு முதுகு கிடைக்கும். பொழச்சுக்கும். ஆனா எல்லாத்தையும் ரோமம் வெச்சுப் பாக்கச் சொல்வாங்க. முப்பத்து மூணும் கலப்புன்னு தெரிஞ்சதும், இனிமே இங்க பொறக்கறது எதுக்கும் முதுகு கிடையாது. எழுதாம விட்டா மத்ததெல்லாம் பொழைக்கும். இவன் நாளைக்கே போயிடுவான்."

"முதுகு எத்தன நாளைக்கு வேணும்?"

"நாப்பது."

"அவ்வளவுதான? ஸ்வெட்டரக் கழட்டுங்க."

பழுதாகித் தூக்கிப்போட்ட முதுகு ஒன்றின் ரோமப் போர்வையை அவள் எடுத்துவைத்திருந்தாள். அதை வெட்டி அவருடைய ஸ்வெட்டரின் இடது தோளில் வைத்துத் தைத்தாள். விசாலம் பால் கொடுத்து முடித்துக் குட்டியைக் கட்டையில் தேய்க்கத் தொடங்கியபோது, மாசிலாமணி கூண்டுக்குள் குந்தித் தோளைச் சாய்த்துக் கொடுத்தார். குட்டி ஒரு கையை நீட்டியது. இன்னொரு கையை நீட்டியது. பேரீச்சம்பழம் அளவுள்ள ஒரு ஜீவன் தன்னுடைய முழு பலத்தோடும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. அதுவரை அவர் சுமந்ததிலேயே கனமானது கேஸ் சிலிண்டர். இது அதைவிடப் பயமாக இருந்தது.

"மூச்சு விடுங்க சார். நீங்க செத்துட்டா அது எங்க போகும்?"

குட்டி தோளில் இருந்த அந்த நாட்கள் அவருக்குப் பின்னால் நினைத்துப் பார்க்கையில் நாட்களாகவே தோன்றியதில்லை. ஒரே ஒரு நீளமான, வெதுவெதுப்பான மத்தியானம் மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விசாலத்திடம் கொடுத்து வாங்கினார். இடையில் மங்களேஸ்வரியும் ரோமத் துண்டு ஒன்றை ஷாலில் தைத்துக்கொண்டு முறைக்கு நின்றாள். மற்ற நேரமெல்லாம் கூண்டுக்குள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். மேகம் வந்தால் தன் கையே தெரியாது. தோளில் ஒட்டிய சின்னத் துடிப்பு மட்டும் இருக்கும், தையல் மிஷினை யாரோ வெகு தூரத்தில் மிதிப்பது போல. கண் சொக்கினால் தான் மரமாகிவிட்டதாகக் கனவு வரும். கிளைகளில் குட்டிகள். எண்ணிப் பார்ப்பார், இருபத்தாறு இருக்கும். ஒன்றும் கோபப்படாது. தூக்கத்தில் இடம் மாறிப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விழித்தால் மங்கி குல்லா போட்ட ஒரு மனிதனைச் சுற்றி உட்கார்ந்து விசாலத்தின் குடும்பம் முழுக்க வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து டைரக்டர் சங்கமித்ரா மேடம் போன் செய்தார்.

"மாசிலாமணி, அந்தக் கலப்புக் குட்டி என்னாச்சு?"

"இயற்கைக்கு விட்டாச்சு மேடம்."

அந்த விநாடியே குட்டி அவர் கழுத்தோரம் வெதுவெதுப்பாக ஒன்றுக்குப் போனது. நானும் இயற்கைதானே என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். வேலை பார்த்த பதினோரு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். இதுவரை எழுதியதெல்லாம் உண்மை என்று நம்பி எழுதியது.

"எங்கம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப எங்களையெல்லாம் பிள்ளக் காம்பராவுல விட்டுட்டுப் போவாங்க" என்றாள் மங்களேஸ்வரி ஒருநாள், குட்டியை வாங்கிக்கொண்டே. "முப்பது பிள்ளைக்கு ஒரு ஆயா. தொட்டில்ல கயித்தக் கட்டிக் கால்ல மாட்டி ஆட்டும் அந்தக் கெழவி. பசியில்லாமத்தான் வளந்தோம். ஆனா எனக்குப் பிள்ள பொறந்தப்ப எப்படித் தூக்கறதுன்னு தெரியல சார். தலைய விட்டுட்டேன். என் மாமியா கத்துன கத்துல அடுத்த லயன் வீட்டுலேர்ந்து ஆளு ஓடியாந்துச்சு."

"அப்புறம் எப்படிக் கத்துக்கிட்ட?"

"அந்தக் கத்தறவ தூக்குனதப் பாத்துத்தான்."

இருபத்தெட்டாம் நாள் காலையில் விசாலம் குட்டியை உதறியது. மாசிலாமணி தோளைச் சாய்த்தார். குட்டி கை நீட்டியது. அந்தக் கைக்கும் தோளுக்கும் நடுவில் ஓர் உடம்பு வந்து புகுந்தது. கொழுந்தன். விசாலத்தின் கூண்டிலேயே இருந்த, நீலப் பாசிமணி போட்ட நாலு வயது இளவட்டம், தின்பதில் மட்டுமே அக்கறை காட்டியவன். வந்தவன் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். குட்டி யோசித்தது. மாசிலாமணி மூச்சு விடவில்லை. 'அவன்கிட்ட போ' என்று மனசுக்குள் சொன்னார். 'போகாதே' என்றும் ஒரு குரல் கேட்டது, அதுவும் அவருடையதுதான். குட்டி கொழுந்தன்மேல் ஏறிக்கொண்டது. கொழுந்தன் ஒன்றுமே நடக்காதது போலக் கிளை தாவிப் போனான்.

ஒரு வாரத்தில் விசாலத்தின் மூத்த மகள் கொழுந்தனிடமிருந்து குட்டியைப் பிடுங்கிச் சுமந்தது. அப்புறம் அப்பன்காரன். தலைகீழாகத்தான் ஏற்றிக்கொண்டான், ஆனாலும் ஏற்றிக்கொண்டான். பக்கத்துக் கூண்டுகள் வலையில் முகத்தைப் பதித்து அதைப் பார்த்தன.

மாசிலாமணி ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கடிதம் எழுதினார். சுருக்கமான கடிதம். ரத்தம் எடுத்தது தவறு, பதினோரு வருடமும் தவறு, கையெழுத்து என்னுடையது, முப்பத்து மூன்று கலப்பு, ஒரு குட்டியைப் பற்றி டைரக்டரிடம் பொய் சொன்னேன், அது உயிரோடு இருக்கிறது. இப்போது எழுதலாம் என்று துணிந்ததற்குக் காரணம் தைரியம் அல்ல, கொழுந்தன்தான் என்று அவருக்குத் தெரியும். பதில் பத்து நாளில் வந்தது. தூய்மை உறுதியாகும் வரை முதுகுகள் திரும்பப் பெறப்படும். அவர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். வேலையைப் பற்றி அதற்கப்புறம் சொல்வார்கள்.

மாசி மாத வெயில் புல்லில் இருந்த பனியைக் கரைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வேன் வந்தது. ஆறு முதுகுகளையும் அட்டைப் பெட்டிகளில் வைத்து ஏற்றினார்கள். ஒன்றை அணைக்க மறந்திருந்தார்கள். பெட்டிக்குள் அது யாருக்கோ இதயம் போலத் துடித்துக்கொண்டே வளைவு இறங்கிப் போனது. மாடியில் அடுத்து மூன்று பிரசவங்கள் இருந்தன. எல்லாம் பிழைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாசிலாமணிக்குத் தோள் லேசாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலம்மா. மத்தது எல்லாம் கொழுந்தனைப் பாத்துக் கத்துக்கிச்சு. கொழுந்தன் மட்டும் எப்படி முதல்ல வந்தான்? இருபத்தெட்டு நாள் எல்லாரும்தானே என்னைப் பாத்துட்டிருந்தாங்க. அவனும் முதுகுல வளந்தவன்தானே?"

மங்களேஸ்வரி வேன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் முதுகுல வளரல சார்."

"ரெஜிஸ்டர்ல..."

"ரெஜிஸ்டர்ல இருக்கற நீல மணிக்காரன் செத்துட்டான். முதுகுலேர்ந்து எறங்கி நாலாம் நாளு. அந்த மணியக் கழட்டித்தான் இவனுக்குப் போட்டேன்." ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நாலு வருசத்துக்கு முன்னால ஐப்பசி மழையில நீங்க கையெழுத்துப் போட்டு என் கையில குடுத்தீங்களே, இயற்கைக்குன்னு. அதுதான் இவன். ஸ்வெட்டருக்குள்ள போட்டு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிட்டேன். காலைல வந்து தாய்கிட்ட ஒருவாட்டி குடிக்க வெப்பேன். மீதிக்கு ஆட்டுப்பால். நாப்பது நாளும் என் மேலயேதான் கெடந்தான். எம் புருசன் தனியாப் போயிப் படுத்துக்கிட்டாரு."

மாசிலாமணி கோபப்பட முயன்றார். அதிகாரியாக அது கடமை. முகம் சொன்னபடி கேட்கவில்லை.

"நீ... புதைச்சேன்னு சொன்னியே."

"நீங்க விட்டாச்சுன்னு சொல்லலியா?"

மேலே மாடியில் கூவல் கேட்டது. கேட்ட குரலுக்கு இன்னொரு குரல் பதில் சொன்னது. மாசிலாமணி கேட்கலாமா என்று யோசித்தார். கேட்காமல் இருந்தால் இன்னும் இருக்கலாம் என்கிற நம்பிக்கையாவது மிஞ்சும். கேட்டால் அந்த ஒன்றோடு முடிந்துவிடலாம்.

"அவன்... ஒருத்தன்தானா?"

மங்களேஸ்வரி வேன் போன வழியிலிருந்து திரும்பினாள். வலது கையைத் தூக்கிக் கட்டை விரலை மடக்கினாள். "கொழுந்தன்" என்றாள். சுட்டு விரல். "ஓரகத்தி." நடு விரல். "செவத்த மாமியா." அடுத்தது. "சித்தப்பா மாமனாரு. அவரு கொஞ்சம் மந்தம்." சுண்டு விரலையும் மடக்கி, "மேட்டுலயன் அத்தை" என்றாள். ஐந்து விரலும் மடங்கிவிட்டன. மாசிலாமணி அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது, ஆனால் கழற்றினால் எதுவும் தெரியாது.

மங்களேஸ்வரி ஷாலை ஒதுக்கிவிட்டு இடது கையை எடுத்தாள்.